விண்ணில் தங்கும் புகை

ராக்கெட்டுகள் எரிக்கும் எரிபொருள், உலகின் விமானங்கள் எரிப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. ஆயினும் அவற்றின் புகையை வளிமண்டல அறிவியலாளர்கள் தனியே எடுத்துக் கணக்கிடுகின்றனர். ஏன் என்பதை விளக்குகிறது இக்கட்டுரை.

புனே நகரின் வடகிழக்கே உள்ள லோஹேகாவ், துறவி துகாராமின் தாய்வழி ஊராக மராத்தி மக்கள் போற்றும் பழைய கிராமம். 1939-ஆம் ஆண்டில் அங்கே விமானப்படைத் தளம் ஒன்று அமைந்தது. இன்று நகரின் பயணிகள் விமான நிலையமும் அதே ஓடுபாதையைப் பயன்படுத்துகிறது. அப்பகுதியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு விமானத்தின் இரைச்சல் அன்றாட வாழ்வின் ஓர் அங்கம். வானில் ஏறும் ஒவ்வொரு விமானமும் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த எரிபொருளை எரித்து, புகையைப் பின்னால் விட்டுச் செல்கிறது. 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தை அடைந்ததும், அதற்கு மேல் ஏறாமல் கிடையாகப் பறக்கிறது.

லோஹேகாவிலிருந்து தென்கிழக்கே, வங்கக் கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே உள்ள தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து புறப்படும் ராக்கெட்டும் எரிபொருளை எரித்துப் புகையை விடுகிறது. ஆனால் அது விமானம் நின்றுவிடும் உயரத்தில் நிற்பதில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அந்த உயரத்தைத் தாண்டி, அதற்கு மேலும் எரித்துக்கொண்டே செல்கிறது. இந்த ஒரு வேறுபாட்டில்தான் நம் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஒரு புகையின் விளைவை அதன் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது எந்த உயரத்தில் விடப்படுகிறது என்பதும் தீர்மானிக்கிறது.

மழை எட்டும் காற்றும் எட்டாத காற்றும்

நாம் சுவாசிக்கும் காற்று, மேகம், மழை, புயல் ஆகிய யாவும் வளிமண்டலத்தின் கீழடுக்கில் அடங்கியவை. புனே, சென்னை போன்ற வெப்பமண்டல ஊர்களுக்கு மேல் இவ்வடுக்கின் உச்சி சுமார் 16 அல்லது 17 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேல் சுமார் 50 கிலோமீட்டர் வரை பரவியிருப்பதைப் பள்ளிப் பாடநூல்கள் மீள் அடுக்கு என்று குறிப்பிடுகின்றன. சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிரினங்களைக் காக்கும் ஓசோன் படலம் இந்த மீள் அடுக்கில்தான் உள்ளது.

இரு அடுக்குகளின் இயல்பும் வேறு. கீழடுக்கில் உயரம் கூடக் கூடக் குளிர் கூடும். சூடான காற்று மேலெழும். குளிர்ந்த காற்று கீழிறங்கும். காற்று ஓயாமல் கலந்துகொண்டே இருக்கும். மழை அடிக்கடி அதைக் கழுவிவிடும். ஆகையால் கீழடுக்கில் விடப்படும் கரித்துகள் சராசரியாக ஒரு வாரத்துக்குள் மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது.

மீள் அடுக்கில் நிலைமை நேர்மாறானது. ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால் அங்கே உயரம் கூடக் கூட வெப்பம் கூடுகிறது. மேலே சூடும் கீழே குளிருமாக அமைந்த காற்று எளிதில் புரளாது. அங்கே மழையும் இல்லை. எனவே அங்கு சேரும் நுண்துகள்கள் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரை தங்கி, ஏவிய இடத்திலிருந்து உலகம் முழுவதும் பரவுகின்றன.

வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். கீழடுக்கு ஒரு சேமிப்புக் கணக்கைப் போன்றது. போட்டதை மழை சில நாட்களில் எடுத்துவிடுகிறது, இருப்பு ஏறுவதில்லை. மீள் அடுக்கோ சில ஆண்டு வைப்பு நிதியைப் போன்றது. முதல் வைப்பு முதிர்வதற்குள் அடுத்தடுத்த வைப்புகள் வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தொகையும் சிறியதாயினும் இருப்பு வளரும்.

இங்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். கரியமில வாயுவை மழை கழுவுவதில்லை. எந்த உயரத்தில் விட்டாலும் அது நெடுங்காலம் காற்றில் தங்கும். அந்தக் கணக்கில் விமானங்கள், வாகனங்கள், அனல்மின் நிலையங்கள் ஆகியவற்றின் முன்னே ராக்கெட்டுகளின் பங்கு மிக அற்பமானது. ராக்கெட்டுகளைப் பற்றிய கவலை குளோரின், அலுமினியத் துகள், கரித்துகள் ஆகிய மூன்றையும் சார்ந்தது.

பி.எஸ்.எல்.வி.யில் எரிவது என்ன?

நமக்கு நன்கு அறிமுகமான பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் முதற்கட்டத்தில் ஏறத்தாழ 139 டன் திட எரிபொருள் உள்ளது. எக்ஸ்.எல். வகையில் பக்கவாட்டில் ஆறு துணை மோட்டார்கள் இணைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் 12 டன் திட எரிபொருள் இருக்கும். ஆக 210 டன்னுக்கும் மேற்பட்ட திட எரிபொருள், ராக்கெட் புறப்பட்ட இரண்டு நிமிடத்துக்குள், தரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் உயரம் வரையிலான பாதையில் எரிந்து தீர்ந்துவிடுகிறது.

இத்திட எரிபொருள் மூன்று பொருள்களின் கலவை. ஆக்சிஜனைத் தருவது அம்மோனியம் பெர்குளோரேட் என்னும் உப்பு. வெப்பத்தைக் கூட்டுவது அலுமினியப் பொடி. இரண்டையும் பிணைத்து, தானும் எரிவது ரப்பர் போன்ற ஒரு செயற்கைப் பொருள். இவ்வகைக் கலவையில் பொதுவாக நூற்றுக்கு 68 பங்கு உப்பும் 18 பங்கு அலுமினியமும் இருக்கும்.

இவ்வளவு தெரிந்தால் எஞ்சியது பள்ளி வேதியியல். நூறு கிலோ எரிபொருளில் உள்ள குளோரின் முழுவதும் ஹைட்ரஜன் குளோரைடாக மாறினால் சுமார் 21 கிலோ கிடைக்கும். அலுமினியம் முழுவதும் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் சுமார் 34 கிலோ அலுமினியம் ஆக்சைடு கிடைக்கும். அதாவது, எரிந்த எடையில் பாதிக்கு மேல் இந்த இரண்டு பொருள்களாகவே வெளிவருகிறது. பி.எஸ்.எல்.வி. புறப்படும்போது நாம் காணும் அடர்ந்த வெண்புகையின் பெரும்பகுதி அலுமினியம் ஆக்சைடுத் துகள்களே.

சந்திரயான்-3 விண்கலத்தை 2023 ஜூலை 14 அன்று சுமந்து சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் இந்த அளவு இன்னும் பெரிது. அதன் இரு பக்கங்களிலும் உள்ள எஸ்-200 மோட்டார்கள் ஒவ்வொன்றிலும் 200 டன்னுக்கு மேல் திட எரிபொருள் உண்டு. புனே மாவட்டத்துக்கு இதில் நேரடித் தொடர்பும் இருக்கிறது. அம்மாவட்டத்து வால்சந்த்நகரில் உள்ள வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம், இந்திய ராக்கெட்டுகளின் திட எரிபொருள் மோட்டார் உறைகளை உருவாக்கித் தருவதில் நெடிய அனுபவம் உடையது.

குளோரினும் ஓசோனும்

தரைக்கு அருகில் வெளியாகும் ஹைட்ரஜன் குளோரைடு காற்றின் ஈரத்துடன் சேர்ந்து அமிலத் துளியாகி விழுந்துவிடும். அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்தில் ஷட்டில் ஏவப்பட்ட காலத்தில், ஏவுதளத்தை ஒட்டிய ஆழமற்ற நீரில் மீன்கள் இறந்ததும் அருகிலிருந்த செடிகளின் இலைகளில் புள்ளிகள் விழுந்ததும் பதிவாகியுள்ளன. ஆனால் அந்தப் பாதிப்பு ஏவுதளத்தைச் சுற்றிய சிறு வட்டத்துடன் நின்றுவிட்டது.

மீள் அடுக்கில் வெளியாகும் ஹைட்ரஜன் குளோரைடு அவ்வாறு விழுவதில்லை. அங்குள்ள வேதிவினைகளால் அதிலிருந்து குளோரின் அணு பிரிகிறது. ஓசோன் மூலக்கூறு மூன்று ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. குளோரின் அணு அதிலிருந்து ஓர் அணுவைப் பறிக்கிறது. ஓசோன் சாதாரண ஆக்சிஜனாகிவிடுகிறது. பிறகு, தனித்துத் திரியும் வேறோர் ஆக்சிஜன் அணு வந்து, பறிக்கப்பட்ட அணுவைக் குளோரினிடமிருந்து மீட்டுச் செல்கிறது. குளோரின் மீண்டும் விடுதலை பெற்று அடுத்த ஓசோனைத் தேடுகிறது. இவ்வாறு ஒரே குளோரின் அணு, செயலிழப்பதற்குள் ஒரு லட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கக்கூடும் என்பது பாடநூல்கள் தரும் மதிப்பீடு.

அலுமினியம் ஆக்சைடு நேரடியாக ஓசோனைத் தின்பதில்லை. அது ஒரு மேடையாகப் பயன்படுகிறது. அதன் பரப்பின்மேல் குளோரின் சேர்மங்கள் படிந்து வினைபுரியும்போது, அமைதியாகக் கிடந்த குளோரினும் செயல்படும் வடிவத்துக்கு மாறுகிறது.

இது ஏட்டளவு ஊகமன்று. 1990-களில் டைட்டன்-4 என்னும் பெரிய அமெரிக்க ராக்கெட் ஏவப்பட்டபோது, உயரே பறக்கும் ஆய்வு விமானம் அதன் புகைத்தடத்தினூடே சென்று அளவெடுத்தது. புகைத்தடத்தின் உள்ளே ஓசோன் பெருமளவு அழிந்திருப்பதை அது கண்டது. சுற்றியுள்ள காற்று கலந்ததும் அந்த இடம் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒரு ராக்கெட் விட்ட துளை சிறியது, விரைவில் மூடிக்கொள்வது. ஆனால் அதிலிருந்த குளோரின் மறையவில்லை. உலக இருப்பில் கலந்துவிட்டது.

புனேயில் பிறந்த ஓசோன் அளவீடு

ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை எப்படி அறிகிறோம்? இக்கேள்விக்கு விடை தேடிய இந்திய முயற்சியில் புனேக்குத் தனி இடமுண்டு. பீர்மேட்டில் 1918-இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சர் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய அன்னா மாணி, 1948-இல் புனேயில் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்துவந்த வானிலைக் கருவிகளை நாட்டிலேயே செய்யும் பணிக்குத் தலைமை ஏற்றார். 1960-களில் அவருடைய முயற்சியால் இந்தியாவுக்கென ஓர் ஓசோன்சோண்டே உருவாயிற்று.

ஓசோன்சோண்டே பலூனில் கட்டி அனுப்பப்படும் சிறு கருவி. அதனுள் பொட்டாசியம் அயோடைடு கரைசல் இருக்கும். ஒரு சிறு பம்பு வெளிக்காற்றை அதனுள் குமிழியிட்டுச் செலுத்தும். காற்றில் ஓசோன் இருந்தால் கரைசலில் மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். மின்னோட்டத்தின் அளவை வானொலி அலை தரைக்கு அனுப்பும். பலூன் சுமார் 30 கிலோமீட்டர் உயரம் சென்று வெடிக்கும்வரை ஓசோனின் அளவு படிப்படியாகக் கிடைத்துக்கொண்டே இருக்கும். புனே, திருவனந்தபுரம், புதுதில்லி ஆகிய இடங்களிலிருந்து இத்தகைய பலூன்கள் பறக்கவிடப்பட்டன.

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. 1963 நவம்பர் 21 அன்று திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அந்தத் தும்பா நிலையத்தில் வானிலைக் கூடத்தை அமைக்க விக்ரம் சாராபாய் அழைத்தவரும் அன்னா மாணிதான். இந்திய ராக்கெட் முயற்சியின் தொடக்கத்திலேயே காற்றை அளப்பவருக்கு இடம் இருந்தது.

இன்று புனேயின் பாஷாண் பகுதியில் 1962-இல் நிறுவப்பட்ட இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் செயல்படுகிறது. பருவமழைக் காலத்தில் மேலெழும் காற்று, தரைமட்ட மாசினை மீள் அடுக்கின் வாயில்வரை தூக்கிச் செல்வதைப் பற்றி அங்கு ஆய்வுகள் நடந்துள்ளன. ஆக, மீள் அடுக்கின் அடிப்பகுதிக்குக் கீழிருந்தும் மாசு சிறிதளவு ஏறுகிறது. ராக்கெட்டோ இடைத்தரகரின்றி அவ்வடுக்கின் நடுவிலேயே அதைக் கொண்டுபோய் வைக்கிறது.

ஒரே மண்ணெண்ணெய், இரு வேறு விளைவு

திட எரிபொருளில் குளோரின் சிக்கல் என்றால், திரவ எரிபொருளுக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். இன்று உலகில் மிக அதிகமாக ஏவப்படும் ஃபால்கன்-9 ராக்கெட், தூய்மையாக்கப்பட்ட மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் பயன்படுத்துகிறது. லோஹேகாவிலிருந்து பறக்கும் விமானத்தின் எரிபொருளும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். குளோரின் இதில் இல்லை. கரி இருக்கிறது.

விமான எஞ்சின் சுற்றியுள்ள காற்றைத் தாராளமாக உள்ளிழுத்து எரிபொருளை ஏறக்குறைய முழுமையாக எரிக்கிறது. ராக்கெட் தன் ஆக்சிஜனைத் தானே சுமந்து செல்ல வேண்டும். எஞ்சின் உருகிவிடாமல் காக்கவும் உந்துவிசையைக் கூட்டவும் தேவைக்கு மேற்பட்ட எரிபொருளைக் கலந்து எரிப்பது வழக்கம். முழுமையாக எரியாத பகுதி கரித்துகளாக வெளியேறுகிறது. ஆகவே ஒரு கிலோ எரிபொருளுக்கு மண்ணெண்ணெய் ராக்கெட் விடும் கரி, விமானம் விடுவதைக் காட்டிலும் பல மடங்கு அதிகம்.

கருநிறப் பொருள் வெயிலை உறிஞ்சும். மீள் அடுக்கில் ஆண்டுக்கணக்கில் மிதக்கும் கரித்துகள் சூரிய ஒளியை உறிஞ்சித் தன்னைச் சுற்றிய காற்றைச் சூடாக்குகிறது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட கணக்கின்படி, ராக்கெட்டுகள் விடும் கரி, தரையிலிருந்தும் விமானங்களிலிருந்தும் வரும் கரியைவிட எடைக்கு எடை சுமார் 500 மடங்கு வெப்பமூட்டும் ஆற்றல் உடையது. அதே ஆண்டில் அமெரிக்காவின் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்தோர் வேறொரு கணக்கை வெளியிட்டனர். ராக்கெட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,000 டன் கரியை மேலே விடுகின்றன. அது பத்து மடங்காகப் பெருகினால் மீள் அடுக்கின் சில பகுதிகளில் வெப்பம் 0.5 முதல் 2 டிகிரி செல்சியஸ் வரை உயரக்கூடும் என்பது அதன் முடிவு. அவ்வடுக்கின் வெப்பம் மாறினால் அங்கு வீசும் காற்றின் போக்கும் மாறும். ஓசோன் பகிர்ந்தளிக்கப்படும் முறையும் மாறும்.

திரும்பி வரும்போதும் புகை

ஏறும்போது மட்டுமன்று, இறங்கும்போதும் விண்கலங்கள் மாசு விடுகின்றன. பணி முடிந்த செயற்கைக்கோள்கள் வளிமண்டலத்துக்குள் நுழைந்து எரிந்துபோகின்றன. எரிந்துபோவது என்றால் இல்லாமற் போவது என்று பொருளல்ல. அவற்றின் உடலில் பெரும்பகுதி அலுமினியம். அது நுண்ணிய ஆக்சைடுத் துகளாகி மெல்ல மீள் அடுக்குக்கு இறங்குகிறது. 250 கிலோ எடையுள்ள ஒரு செயற்கைக்கோள் எரியும்போது சுமார் 30 கிலோ அலுமினியம் ஆக்சைடு உண்டாகும் என 2024-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. 2023-இல் வெளியான ஆய்வில், உயரே பறந்த ஆய்வு விமானம் மீள் அடுக்கின் கந்தக அமிலத் துகள்களைச் சேகரித்துச் சோதித்தது. அவற்றுள் சற்றே பெரியவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில், விண்கலங்கள் எரிந்ததால் வந்த அலுமினியமும் பிற உலோகங்களும் இருந்தன. ஆயிரக்கணக்கான செயற்கைக்கோள்களைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றும் இணையச் சேவைத் திட்டங்கள் பெருகிவரும் காலத்தில், இந்த எண் நிலையாக நிற்காது.

இன்றைய கணக்கும் நாளைய கணக்கும்

இவற்றைப் படித்து வாசகர்கள் அச்சம்கொள்ளத் தேவையில்லை. இதுவரை ராக்கெட்டுகளால் உலக ஓசோனுக்கு ஏற்பட்டுள்ள இழப்பு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவு என்பதே சர்வதேச மதிப்பீடு. இந்தியாவின் பங்கு அதிலும் சிறிது. 2024-இல் இஸ்ரோ விண்சுற்றுப் பாதைக்கு ஏவியவை ஐந்து ராக்கெட்டுகள். அவ்வாண்டில் உலகம் முழுவதும் ஏவப்பட்டவை 250-க்கும் மேல்.

கவலை வளர்ச்சியின் வேகத்தைப் பற்றியது. 2010-இல் உலகம் முழுவதும் 74 முறை மட்டுமே ராக்கெட்டுகள் சுற்றுப்பாதையை நோக்கி ஏவப்பட்டன. பதினான்கு ஆண்டுகளில் அந்த எண் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் முன்னின்று நடத்தி 2025-இல் வெளியிட்ட ஆய்வு, 2030-இல் ஆண்டுக்குச் சுமார் 2,000 ராக்கெட்டுகள் ஏவப்படுவதாக வைத்துக்கொண்டு கணக்கிட்டது. அந்நிலையில் உலகச் சராசரி ஓசோன் சுமார் 0.3 விழுக்காடும், அண்டார்டிகாவின் வசந்த காலத்தில் ஏறத்தாழ 4 விழுக்காடும் குறையும் என்று அது கண்டது.

0.3 விழுக்காடு சிறிய எண்தான். ஆனால் அது எந்தக் கணக்கிலிருந்து கழிக்கப்படுகிறது என்பதை நோக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தின்பதை 1974-இல் அறிவியலாளர்கள் எச்சரித்தனர். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை கண்டறியப்பட்டது. 1987-இல் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1992-இல் அதில் இணைந்தது. பழைய குளிரூட்டி வாயுக்களைக் கைவிட உலகம் பெருஞ்செலவும் உழைப்பும் செலுத்தியது. அதன் பயனாக ஓசோன் படலம், உலகின் பெரும்பகுதியில் 2040 அளவிலும் அண்டார்டிகாவின் மேல் 2066 அளவிலும் 1980-ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று 2022-ஆம் ஆண்டின் ஐ.நா. மதிப்பீடு கூறுகிறது. தவணை கட்டி அடைத்துவரும் அந்தக் கடனில், புதிய பற்று ஒன்று எழுதப்படலாகாது. மான்ட்ரியல் உடன்படிக்கையின் பட்டியலில் ராக்கெட் புகை இடம்பெறவில்லை என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இது அயலான செய்தியன்று. தூத்துக்குடி மாவட்டம் குலசேகரப்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. தெற்கு நோக்கி ஏவும்போது இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை, எரிபொருள் மிச்சமாகும். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய ஆதாயம். அங்கிருந்து புறப்படவுள்ள எஸ்.எஸ்.எல்.வி.யின் மூன்று முக்கியக் கட்டங்களும் திட எரிபொருளால் இயங்குபவை.

வழிகள் உள்ளன

ராக்கெட்டுகளை நிறுத்திவிட முடியாது, நிறுத்தவும் கூடாது. புயல் எச்சரிக்கை, மீனவர்க்கான அறிவிப்பு, வேளாண் வானிலை ஆகிய யாவும் செயற்கைக்கோள்களை நம்பியவை. கம்பித் தொடர்பு எட்டாத ஊர்களில் உள்ள ஏ.டி.எம். இயந்திரங்கள் பல, வங்கியின் மையக் கணினியுடன் செயற்கைக்கோள் வழியே பேசித்தான் பணம் தருகின்றன. செய்யத்தக்கது, ஏவுதல் பெருகுமுன் எரிபொருளைச் சீர்செய்வது.

அதற்கான பாதைகள் பல. எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் மேற்கட்டத்தில் உள்ள கிரையோஜெனிக் எஞ்சின், திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரிக்கிறது. அதன் புகையில் குளோரினும் இல்லை, கரியும் இல்லை, பெரும்பகுதி நீராவியே. ஆனால் ஹைட்ரஜனைப் பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரி வரை குளிர்விக்க வேண்டும். அது மிக இலேசானதாகையால் பெரிய கலன்களும் தேவை. முதற்கட்டத்தின் முழுச் சுமையையும் அதனிடம் ஒப்படைப்பது செலவு மிகுந்த காரியம்.

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், திரவ ஆக்சிஜனும் மண்ணெண்ணெயும் கொண்டு இயங்கும் செமி-கிரையோஜெனிக் எஞ்சினுக்கான சோதனை 2025 மார்ச் 28 அன்று வெற்றிகரமாக நடைபெற்றது. இது குளோரினை நீக்கும். கரியைக் குறைப்பது எஞ்சினின் வடிவமைப்பைப் பொறுத்தது. சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம் 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சோதனை ராக்கெட்டும் இவ்வகை எரிபொருளையே பயன்படுத்தியது. மீத்தேன் எரிபொருள் மண்ணெண்ணெயைவிடக் குறைந்த கரியை விடும் என எதிர்பார்க்கப்படுகிறது. அதற்கான எஞ்சின்களும் உருவாகி வருகின்றன. திட எரிபொருளில் அம்மோனியம் பெர்குளோரேட்டுக்குப் பதிலாகக் குளோரின் இல்லாத அம்மோனியம் டைநைட்ரமைடு போன்ற பொருள்களைப் பயன்படுத்தும் ஆய்வுகளும் நடைபெறுகின்றன. புனேயின் உயர் ஆற்றல் பொருள்கள் ஆய்வுக்கூடம் இத்துறையில் பணியாற்றும் நிறுவனங்களுள் ஒன்று.

செயற்கைக்கோள்கள் எரிவதால் வரும் மாசைக் குறைக்க, அவற்றை நீண்ட காலம் உழைக்கும்படி செய்வதும், தேவைக்கு மேல் எண்ணிக்கையைப் பெருக்காமல் இருப்பதும் வழிகள். 2030-க்குள் தன் விண்வெளிப் பயணங்கள் யாவும் குப்பையற்றவையாக இருக்க வேண்டும் என்று இந்தியா இலக்கு வைத்துள்ளது. விண்ணில் குப்பை தேங்காமலிருக்க அவற்றைக் கீழே இறக்குவது நன்று. ஆனால் இறங்கும் கலம் காற்றில் எரியும்போது எதை விட்டுச் செல்கிறது என்பதையும் அந்த இலக்கோடு சேர்த்து எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, அளவீடு. எந்த எஞ்சின் எந்த உயரத்தில் எவ்வளவு கரியையும் குளோரினையும் விடுகிறது என்பது ஒவ்வோர் ஏவுதலோடும் பதிவாகி, பொதுவில் வைக்கப்படுமானால், விதிகளை வகுப்பது எளிதாகும். கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத செலவைக் குறைக்க யாராலும் இயலாது. அறுபது ஆண்டுகளுக்கு முன் புனேயிலிருந்து ஒரு பலூனில் கட்டி அனுப்பிய சிறு கருவி, ஓசோன் எவ்வளவு இருக்கிறது என்பதை நமக்குச் சொல்லத் தொடங்கியது. இனி ராக்கெட் புகையின் பங்கையும் அந்தக் கணக்கில் ஒரு தனிப் பத்தியாகச் சேர்த்து எழுத வேண்டும்.